நூற்று முப்பத்தொரு சென்டிமீட்டர்

விவாகரத்து கேட்டு வருகிறவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது ஒரு பேனாவும் நான்கு வெள்ளைத் தாள்களும்தான். புருஷனை ஓர் அறையிலும் பெண்டாட்டியை இன்னோர் அறையிலும் உட்காரவைத்து, "என்ன நடந்துச்சோ அதை எழுதுங்க. வக்கீல் சொல்லிக்கொடுத்ததை எழுதாதீங்க" என்பேன். இது சட்டத்தில் எங்கேயும் கிடையாது. குடும்பநல நீதிமன்றத்தில் ஆலோசகராக இருபத்திரண்டு வருஷம் குப்பை கொட்டியதில் நானாகக் கண்டுபிடித்த வைத்தியம். ஆறு மாதம் கழித்து, இறுதி விசாரணைக்கு முன்னால், அதே ஆளை அதே அறையில் உட்காரவைத்து மறுபடியும் எழுதச் சொல்வேன். பழைய குறிப்பைக் காட்டமாட்டேன். ஒருவர் எழுதியதை மற்றவருக்கும் காட்டமாட்டேன்.

இரண்டாவது குறிப்பு எப்போதும் மெலிந்திருக்கும். நான்கு பக்கம் எழுதியவர் ஒன்றரைப் பக்கத்தில் பேனாவை மூடிவிடுவார். மாமியார் விட்டெறிந்த டம்ளர், 'ணங்கென்று வைத்த' டம்ளராகியிருக்கும். சிலர் சேர்ந்தார்கள், பலர் பிரிந்தார்கள், அது வேறு விஷயம். பிரிந்தவர்களும் கொஞ்சம் பாரம் இறங்கித்தான் பிரிந்தார்கள். காணாமல்போன அந்த இரண்டரைப் பக்கம் எங்கே போகிறது என்று நான் யோசித்ததே இல்லை, சுகிர்தா வரும்வரை.

சுகிர்தாவும் பூவராகனும் பொன்மலைப் பக்கம். அவர் ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். எதைப் பார்த்தாலும் கண்ணாலேயே அளவெடுக்கிற ஆள். முதல் நாள் என் அறைக்குள் வந்ததும், "மேடம், உங்க மேஜை இந்தப் பக்கம் நாலு மில்லிமீட்டர் இறங்கியிருக்கு" என்று சொல்லி, பழைய அழைப்பிதழ் ஒன்றை மடித்து மேஜைக்கால் அடியில் செருகினார். பன்னிரண்டு வருஷமாக ஆடிக்கொண்டிருந்த மேஜை அன்றோடு நின்றது. சுகிர்தா ஒரு கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறார். அளந்து பேசுகிறவர். இருவருக்கும் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம். ஒரே மகள் அமுதினி. மூன்று வருஷத்துக்கு முன்னால் டெங்குவில் போய்விட்டாள். ஆறு வயது.

சுகிர்தா தன் முதல் குறிப்பில் மூன்று பக்கத்துக்கு ஆஸ்பத்திரியை எழுதியிருந்தார். மூன்றே நாள்தான் அங்கே இருந்தது. எந்த நேரத்துக்கு எவ்வளவு காய்ச்சல், எந்தக் கையில் ட்ரிப்ஸ், கடைசியாகக் குழந்தை "அம்மா, தண்ணி" என்று கேட்டது. நான்காவது பக்கத்தில் ஒரே ஒரு சம்பவம். ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை, டிவியில் காமெடி ஓடியிருக்கிறது. சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவரின் காதில், கணவர் வாய்விட்டுச் சிரிக்கிற சத்தம் விழுந்திருக்கிறது. 'அமுதினி போன இருநூற்றுப் பதினோராம் நாள் அவர் சிரித்தார். எங்கள் கல்யாணம் அன்றைக்கே முடிந்துவிட்டது' என்று முடித்திருந்தார்.

ஆறு மாதம் கழித்து அவர் எழுதிய இரண்டாவது குறிப்பைப் படித்தபோது, அட, தப்பாகப் பழைய தாளையே எடுத்துவிட்டேனோ என்று நினைத்தேன். அதே நான்கு பக்கம். அதே வாக்கியங்கள். 'ஊசி' என்று எழுத வந்து அடித்துவிட்டு 'ட்ரிப்ஸ்' என்று மாற்றிய இடம்கூட அதே வரியில். இரண்டு தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்தேன். எழுத்துக்கு எழுத்து பொருந்தியது.

பூவராகனின் இரண்டாவது குறிப்பு அரைப்பக்கம். 'நான் சிரித்தது உண்மை. அவளுக்கு எது நிம்மதியோ அப்படியே முடித்துவிடுங்கள்.'

அன்று மாலை உட்கார்ந்து அந்த வருஷத்துக் கோப்புகளை எல்லாம் இறக்கிப் பார்த்தேன். நாற்பதில் முப்பத்தொரு பேருக்கு இரண்டாவது குறிப்பு மெலியவே இல்லை. ஒவ்வொன்றாக வந்தபோது அது என் கண்ணில் படவே இல்லை. அந்த முப்பத்தொரு பேரும் பட்டைக்காரர்கள்.

பட்டை வந்து அப்போது ஐந்து வருஷம். நெற்றியில் கட்டிக்கொள்ளும் சாதாரணத் துணிப்பட்டைதான், உள்ளே பொட்டு அளவு சில்லுகள். ஒன்றரை மணி நேரம் கட்டிப் படுத்தால் எட்டு மணி நேரம் தூங்கிய தெம்பு. முதலில் ஐ.டி.க்காரர்கள் கட்டினார்கள், பிறகு டாக்டர்கள், பிறகு டியூஷன் வாத்தியார்கள், கடைசியில் எல்லோரும். முழுத்தூக்கம் தூங்குகிறவனுக்குப் பெண் கொடுக்க யோசித்தார்கள். ஆளுக்கு ஆறரை மணி நேரம் மிச்சமானது. அந்த நேரத்தை வைத்து என்ன செய்தீர்கள் என்று கேட்டால் ஒருவருக்கும் சொல்லத் தெரியாது. நானும் கட்டிக்கொண்டுதான் இருந்தேன், ஒளிப்பானேன். கோப்பு அப்படிக் குவிந்து கிடந்தது.

மறுநாள் என் தோழி ரெஜினாவைத் தேடிப் போனேன். அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு டாக்டர். வெளி நோயாளிகள் வரிசை வாசல் தாண்டிப் படிக்கட்டில் நின்றது.

"எல்லாரும் என்னன்னு வர்றாங்க?" என்றேன்.

"முன்னெல்லாம் தூக்கம் வரலைன்னு வருவாங்க, அரசி. இப்ப எதுவுமே ஆறலைன்னு வர்றாங்க. நாலு வருஷத்துக்கு முன்னாடி மேனேஜர் திட்டினது இன்னிக்குக் காலைல திட்டின மாதிரி இருக்குன்னு ஒருத்தர் அழறாரு. அவருக்கு என்ன மாத்திரை எழுதறது?"

"பட்டைதான் காரணமா?"

"கம்பெனிக்காரன் ஒத்துக்கமாட்டான். ஆனா எனக்குச் சந்தேகமே இல்லை. பட்டை உடம்புக்கு வேண்டிய தூக்கத்தை மட்டும் பிழிஞ்சு குடுக்குது. விடியறதுக்கு முன்னாடி வர்ற கனவுத் தூக்கம் இருக்கு பாரு, அதை வீண்னு வெட்டிட்டாங்க. அரிசி களையறோம் இல்லையா? முதல் தண்ணி, ரெண்டாந் தண்ணின்னு கொட்டறோம். அரிசி அப்படியேதான் இருக்கு, கலங்கல் போயிடுது. தினமும் கனவுல மனசு அதைத்தான் பண்ணுது. நடந்தது நடந்ததா இருக்கும், வலி மட்டும் கொஞ்சங்கொஞ்சமா கழுவிப் போகும். இவங்க அஞ்சு வருஷமா களையாத அரிசியையே பொங்கித் தின்னுட்டிருக்காங்க."

எனக்கு உடனே ஞாபகம் வந்தது என் நாத்தனார். நான்கு வருஷத்துக்கு முன்னால் எங்கள் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் என் பாயசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, "சுவத்துக்கு அடிச்சது போக மிச்சமா அண்ணி?" என்றாள். அவள் கட்டியிருந்த புடவையின் பார்டர் முதற்கொண்டு என்னால் சொல்ல முடியும். நான் அவளோடு பேசுவதை நிறுத்தி நான்கு வருஷம். ஒரு பாயசத்துக்கு!

நீதிபதியிடம் போய் சுகிர்தா வழக்குக்கு ஒரு மாதம் தவணை வாங்கினேன். பூவராகன் எதிர்ப்பு சொல்லவில்லை. சுகிர்தா என் அறைக்கு வந்து நின்றுகொண்டே பேசினார்.

"எதுக்கு மேடம் இன்னும் ஒரு மாசம்?"

"உக்காருங்க. பட்டை எத்தனை நாளா கட்டறீங்க?"

"மூணு வருஷமா. அவர்தான் வாங்கிட்டு வந்தார்."

"ஒரு மாசம் அதைக் கழட்டி வெச்சுட்டுத் தூங்கிப் பாருங்களேன்" என்று ஆரம்பித்து, ரெஜினா சொன்ன அரிசிக் கதையை அப்படியே ஒப்பித்தேன். எனக்கு நானே கெட்டிக்காரியாகத் தெரிந்தேன். சுகிர்தா முழுக்கக் கேட்டார்.

"கழுநீர்லதான் மேடம் சத்து போகுது" என்றார். "நான் பிள்ளைங்களுக்குப் பாடமே எடுக்கறேன்."

நான் கோப்பைப் புரட்டினேன்.

"அது எனக்குத் தெரியாதுன்னு நினைக்கறீங்களா? பட்டை கட்டினா ஆறாதுன்னு ரெண்டாவது மாசமே தெரிஞ்சுபோச்சு. அதுக்காகவேதான் கட்டறேன். அவ தண்ணி கேட்ட குரல் என் காதுல அப்படியே இருக்கு. அவருக்கு இல்லை, கேட்டுப் பாருங்க. அவர் பட்டை கட்டறதில்லை. தூங்கித் தூங்கி எல்லாத்தையும் கழுவி ஊத்திட்டார். அதனாலதான் சிரிக்க முடியுது. எனக்கு வலி போச்சுன்னா அவளும் போயிடுவா. நான் விடமாட்டேன்."

அழவில்லை. குரல் உயரவில்லை. நான்தான் மூக்கைத் துடைத்துக்கொண்டேன். ஆலோசகர் அழக்கூடாது என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். சொன்னவரைச் சுகிர்தாவின் எதிரில் உட்காரவைத்துப் பார்க்க வேண்டும்.

பூவராகனைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"பட்டையை நீங்கதான் வாங்கிக் குடுத்தீங்களாமே?"

"ஆமா மேடம். பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச மறுநாள். விடியக்காலைல முழிச்சதும் பக்கத்துல பாயைத் தடவுவா அவ. பாப்பா படுக்கற இடம். அப்புறந்தான் ஞாபகம் வரும். தினம் தினம் புதுசா செத்த மாதிரி. என்னால பாக்க முடியலை. தூக்கம் கம்மியானா முழிக்கறதும் கம்மியாகும்னு என் மரமண்டைக்குத் தோணிச்சு. வாங்கிட்டேன்."

"கட்டினதும் தடவறது நின்னுச்சா?"

"நின்னுச்சு. அதோட அவளும் நின்னுட்டா மேடம். அந்த ஆஸ்பத்திரி வராந்தாவுலயே உக்காந்திருக்கா. வீட்டுக்கு வரவே மாட்டேங்கறா."

"அன்னிக்கு எதுக்கு சிரிச்சீங்க?"

"சிரிப்பு வந்துச்சு, சிரிச்சேன். வேற காரணம் இல்லை." கொஞ்ச நேரம் மேஜையைத் தடவிக்கொண்டிருந்தார். "சிரிச்சதும் எனக்கே திக்குன்னு ஆயிடுச்சு. திரும்பிப் பாத்தா அவ கீரைக் கட்டோட நிக்கறா."

சுகிர்தா சொன்னதை நான் சொல்லவில்லை. என் வழக்கம் அப்படி. ஆனால் ஒன்றைக் கேட்டேன். "அவங்க பட்டையைக் கழட்டினா குழந்தை மறந்துபோயிடும்னு பயப்படற மாதிரி இருக்கே?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "எங்க ரெண்டு பேரையும் ஒண்ணா உக்காரவைங்க மேடம். ஒண்ணு சொல்லணும்" என்றார்.

அந்த வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு இருவரும் என் எதிரில் இருந்தார்கள். நடுவில் ஒரு நாற்காலி காலி. சுகிர்தா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூவராகன் ஆடாத என் மேஜையைப் பார்த்துப் பேசினார்.

"உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு இருந்தேன் சுகி. எனக்குப் பாப்பா கனவுல வர்றா. அடிக்கடி. அதே ஆறு வயசுலயே இல்லை. வளந்துக்கிட்டே வர்றா. இப்ப நாலாவது படிக்கிறா."

சுகிர்தாவின் தலை மெல்லத் திரும்பியது.

"முன் பல்லு ரெண்டும் முளைச்சிடுச்சு. உனக்கு மாதிரியே நடுவுல சந்து. கணக்கு வரலை, என்னை மாதிரி இல்லை. கொடியாப் படர்ந்து ஏறுற செடி பேரெல்லாம் சொல்றா."

 சுகிர்தா கேட்டார், ஏதோ பரீட்சையில் கேட்பதுபோல.

"எவ்வளவு உயரம் இருக்கா?"

"நூத்தி முப்பத்தொரு சென்டிமீட்டர்."

கனவில் யாராவது டேப் வைத்து அளப்பார்களா என்று எனக்குத் தோன்றியது. சரி, ஃபிட்டருடைய கனவு அப்படித்தான் இருக்கும்போல என்று விட்டுவிட்டேன். சுகிர்தா விடவில்லை. கணவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என் மேஜைக் கடிகாரத்தில் முழுசாக இரண்டு நிமிஷம். பிறகு கைப்பையைத் திறந்து சாம்பல் நிறப் பட்டையை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"ஒரு மாசம்தான் மேடம். பத்திரமா வைங்க. வந்து வாங்கிப்பேன்."

என்னுடையதையும் அதோடு சேர்த்து இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். இன்னொருவரை ஆற்றில் இறக்கிவிட்டுக் கரையில் நிற்பது நியாயமாகப் படவில்லை.

முதல் வாரம் நரகம். எனக்குக் காலையில் எழுந்தால் தலை இரும்பாகக் கனத்தது. சுகிர்தாவுக்கு அதைவிட மோசம். ஐந்தாம் நாள் போன் செய்தார். "மேடம், இன்னிக்குக் காலைல பாயைத் தடவினேன். மூணு வருஷம் கழிச்சு மறுபடியும். அவ செத்துட்டான்னு மறுபடியும் ஒருதரம் எனக்கு ஞாபகம் வந்துச்சு."  பட்டையை வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. நான் செய்தது மகா பாவமோ என்று அன்று முழுக்க வேலை ஓடவில்லை. "அவர் எங்கே?" என்று மட்டும் கேட்டேன். "பக்கத்துலதான் உக்காந்திருக்கார்" என்றார்.

அதன்பிறகு போன் வரவில்லை. நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை. மூன்றாவது வாரம் என் நாத்தனாரை நானே கூப்பிட்டு, பாயசத்துக்குப் பால் எப்போது ஊற்றுவது என்று கேட்டேன். முதலில் அதற்குப் பதில் சொன்னாள். பிறகு அரை மணி நேரம் பேசினாள்.

மாதம் முடிந்த அன்று இருவரும் வந்தார்கள். பேனாவும் தாளும் கொடுத்தேன். பூவராகன் ஐந்தே நிமிஷத்தில் எழுதி முடித்து என் அறைக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"மேடம், ஒரு தப்பு பண்ணிட்டேன். எனக்குக் கனவே வராது. சின்ன வயசுலேர்ந்தே படுத்தா கட்டைதான். அன்னிக்குச் சொன்னது அத்தனையும் பொய்."

நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

"வேற வழி தெரியலை. கழட்டினா பாப்பா போயிடுவான்னு பயப்படறான்னு நீங்க சொன்னீங்க. கழட்டினாத்தான் வருவான்னு சொன்னா கழட்டுவாளேன்னு சொல்லிட்டேன். இப்ப அவ தினமும் காலைல காபி குடுத்துட்டு, 'நேத்து என்ன பண்ணா?'ன்னு கேக்கறா. நானும் தினம் ஒண்ணு சொல்லிக்கிட்டிருக்கேன். என்னிக்காவது மாட்டிப்பேன் மேடம். தெரிஞ்சா, சிரிச்சதுக்கே மன்னிக்காதவ இதுக்கு என்னை என்ன பண்ணுவா?"

"வெளியில உக்காருங்க" என்றேன். வேறு என்ன சொல்வது? அவர் பயந்ததற்குத்தான் நானும் பயந்தேன். அந்த வீட்டில் இப்போது நின்றுகொண்டிருப்பது அந்தப் பொய் ஒன்றுதான்.

சுகிர்தா தாளை மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். கண்ணுக்குக் கீழே கருவளையம், ஆனால் முகத்தில் ஏதோ இளகியிருந்தது. பட்டையைக் கேட்கவில்லை. அவர் வெளியே போனபிறகு பிரித்தேன். ஒன்றேகால் பக்கம்.

'மேடம், அவருக்குக் கனவு வராது என்பது எனக்குப் பன்னிரண்டு வருஷமாகத் தெரியும். கல்யாணமான புதிதில், கனவு என்றால் எப்படி இருக்கும் என்று என்னிடம்தான் கேட்பார். அன்று உங்கள் எதிரில் அவர் பொய் சொல்கிறார் என்று முதல் வாக்கியத்திலேயே தெரிந்துவிட்டது. எழுந்து போயிருப்பேன். உயரம் கேட்டது அவரை மடக்கத்தான். அவர் யோசிக்காமல் பதில் சொன்னார்.

வீட்டுக்குப் போனதும் படுக்கையறைக் கதவின் பின்னால் பார்த்தேன். அமுதினியின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அந்த நிலைக்காலில் பென்சிலால் கோடு போடுவோம். ஆறோடு நின்றிருக்க வேண்டும். அதற்குமேல் இன்னும் மூன்று கோடு இருந்தது. ஏழு, எட்டு, ஒன்பது. ஒன்பதுக்கு நேரே 131 என்று எழுதியிருந்தது. பணிமனையில் போடுகிற மாதிரி மெல்லிய கோடு. மூன்று வருஷமாக அந்தக் கதவை நான் தினமும் திறந்து மூடியிருக்கிறேன். எனக்கு ஆறு வயதுதான் தெரிந்தது, ஒன்பது வயது அவருக்குத்தான் தெரிந்திருக்கிறது.

எனக்கு ஒரு கனவு வந்தது. அமுதினி தண்ணி கேட்டாள். அதே குரல்தான், போகவில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் கேட்கவில்லை. எங்கள் சமையலறையில், விளையாடிவிட்டு வந்து கேட்டாள். நான் மோந்து கொடுத்தேன்.

மனுவைத் திரும்பப் பெறுகிறேன். எனக்குத் தெரியும் என்று அவரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். இந்த வாரம் அவள் சைக்கிள் கற்றுக்கொண்டிருக்கிறாள்.'